கார் லைசென்ஸில் ‘குட்டி யானை’ ஓட்டலாம்... ஆசிட் கேன் ஏற்றினால்?

வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளைச் சுற்றி எல்லா வகை வண்டியும் ஓடுகிறது. வேலைக்குப் போக ஸ்கூட்டர், தோலை ஷூ கம்பெனிக்குக் கொண்டுபோக ‘குட்டி யானை’, பெரிய லோடுக்கு லாரி. “அதான் லைசென்ஸ் இருக்கே” என்று ஒரே கார்டை வைத்துக்கொண்டு இவை எல்லாவற்றையும் ஓட்டிவிட முடியாது. எதற்கு என்ன உரிமம்?

ஸ்கூட்டர், பைக்

கியர் இல்லாத வண்டி, கியர் வண்டி இரண்டும் தனித்தனி வகை. ஸ்கூட்டருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தவர் புல்லட் ஓட்டக் கூடாது. 16 வயதில் உரிமம் கிடைக்கும் என்பது 50 சிசி வரையிலான வண்டிக்கு மட்டுமே. வீட்டில் நிற்கும் 110 சிசி ஸ்கூட்டருக்கு 18 வயது ஆக வேண்டும். சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் உண்டு.

குட்டி யானைக்கு ‘பேட்ஜ்’ வேண்டுமா?

வேண்டாம். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருந்தால், கார் ஓட்டும் எல்எம்வி உரிமமே போதும். 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதை உறுதி செய்தது. மொத்த எடை எவ்வளவு என்பது ஆர்.சி.யிலேயே இருக்கும்.

லாரிக்கு?

7,500 கிலோவைத் தாண்டினால் டிரான்ஸ்போர்ட் உரிமம் கட்டாயம். வயது 20 ஆகியிருக்க வேண்டும், எல்எம்வி உரிமம் எடுத்து ஓராண்டு முடிந்திருக்க வேண்டும். இந்த உரிமத்தை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

ரசாயனம் ஏற்றினால்?

டேனரி ஊர்களில் பலர் கோட்டை விடும் இடம் இதுதான். தோலைப் பதப்படுத்த சல்பியூரிக் அமிலம் போன்றவை தேவை. அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டிக்குச் சிறப்புத் தகுதி தொடரும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. வண்டி சின்னது என்பதால் விலக்கு இல்லை. காலையில் தோல் ஏற்றிய அதே குட்டி யானையில் மாலையில் ஆசிட் கேன் ஏற்றினால், வெறும் எல்எம்வி உரிமம் போதாது.

ஓட்டுநர் அதற்கான பயிற்சியில் தேறி, உரிமத்தில் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். ஆங்கிலமும் ஓர் இந்திய மொழியும் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும். கேன் மீதுள்ள எச்சரிக்கையைப் படிக்க முடியாதவர், அது கசியும்போது என்ன செய்வார்? இந்த உரிமம் 3 ஆண்டுக்கு மட்டுமே செல்லும்.

மாட்டினால் யாருக்குச் சிக்கல்?

உரிய உரிமம் இல்லாமல் ஓட்டியவருக்கு 5,000 ரூபாய் அபராதம். தெரிந்தே வண்டியைக் கொடுத்த உரிமையாளருக்கும் 5,000 ரூபாய் அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் சிக்கல் இன்னும் பெரிது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க இன்சூரன்ஸ் நிறுவனங்களை நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. லட்சக்கணக்கில் போகும் அந்தத் தொகைக்கு, ஒரே ஒரு வண்டி வைத்துப் பிழைப்பவர் வீட்டை விற்க வேண்டி வரலாம்.

சாவியைக் கொடுக்கும் முன் லைசென்ஸ் இருக்கா என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த வகை, எந்தத் தேதி வரை என்று டிஜிலாக்கரில் பார்த்துவிடுங்கள்.