ரோட்டரிக் கூட்டத்தில் ஒரு மாலை

(பி.ஏ. பொருளியல், மூன்றாம் ஆண்டு)

நம் கோவை நகரில் பூங்கா வாயில்களிலும், பேருந்து நிழற்குடைகளிலும், பள்ளிகளின் குடிநீர்த் தொட்டிகளிலும் ஒரு பற்சக்கரச் சின்னத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஏதோ ஒரு மோட்டார்க் கம்பெனியின் முத்திரை என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். இதைப் படித்து நண்பர்கள் நகைக்கலாம். ஆனால் அந்தச் சக்கரத்தைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குச் சரியாகத் தெரியும்?

சென்ற ஆண்டு ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, எங்கள் துறைப் பேராசிரியை எங்களுள் நால்வரை நகரின் ரோட்டரி சங்கங்களுள் ஒன்றின் வாராந்தரக் கூட்டத்திற்கு அழைத்துச் சென்றார். ‘தொழில் அமைப்பு’ என்ற பாடத்தைப் புத்தகத்தில் மட்டும் படித்தால் போதாது என்பது அவர் கருத்து. திரும்பி வந்தபின் ஆளுக்கொரு கட்டுரை எழுதித் தரவேண்டும் என்பது நிபந்தனை. அவ்வாறு எழுதியதே இது.

முதலில் சங்கத்தின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், சிக்காகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் மூன்று நண்பர்களுடன் கூடினார். ஒருவர் நிலக்கரி வணிகர், ஒருவர் சுரங்கப் பொறியாளர், ஒருவர் தையற்கலைஞர். பெருநகரத்தில் முகம் அறியாத மனிதர்களிடையே தொழில் நடத்துவோருக்கு நாலு நல்ல நண்பர்கள் வேண்டும் என்பதே தொடக்கத்தில் நோக்கம். சேவை எல்லாம் பின்னால் வந்தது. ஒருவர் அலுவலகத்தில் ஒரு முறை, அடுத்தவர் அலுவலகத்தில் மறுமுறை என்று சுழற்சி முறையில் கூடியதால் ‘ரோட்டரி’ என்ற பெயர் ஏற்பட்டது. ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினர் என்று பழைய நாளில் விதி வைத்திருந்தார்களாம். ஒரே ஊரின் இரண்டு ஜவுளிக்கடைக்காரர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்தால் நட்பு எப்படி வளரும்! அந்த விதி பின்னாளில் தளர்ந்துவிட்டது. இந்தியாவில் 1919இல் கல்கத்தாவிலும், 1929இல் சென்னையிலும் சங்கங்கள் தோன்றின.

நெடுங்காலம் இச்சங்கத்தில் பெண்களுக்கு இடமில்லை. 1987இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே, 1989இல் உலகெங்கும் கதவு திறந்தது. நாங்கள் சென்ற அன்று தலைவர் நாற்காலியில் அமர்ந்திருந்தவர் ஒரு பெண் மருத்துவர். போலியோ ஒழிப்பில் இச்சங்கத்தின் பங்கு எல்லோரும் அறிந்ததே. 1985இல் அதற்கெனத் தனித் திட்டம் வகுத்தார்கள். நம் நாட்டில் போலியோவால் தாக்குண்ட கடைசிக் குழந்தை 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் கண்டறியப்பட்டது.

இனிக் கூட்டத்திற்கு வருவோம். அழைப்பில் ‘இரவு 7.30’ என்றிருந்தது. நம் ஊர் வழக்கப்படி எட்டு மணிக்குத்தான் தொடங்கும் என்று நினைத்தேன். சரியாக ஏழரைக்குத் தலைவர் சிறிய மரச் சுத்தியால் மேசை மீதிருந்த வெண்கல மணியைத் தட்டினார். பேச்சு அடங்கியது. இறை வணக்கம், செயலரின் அறிவிப்புகள், அந்த வாரத்தில் பிறந்தநாளும் திருமண நாளும் கண்டவர்களுக்கு வாழ்த்து என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. ஒழுங்கைக் கவனிக்க ஓர் உறுப்பினர் இருக்கிறார். அவருக்குத் தண்டம் விதிக்கும் அதிகாரமும் உண்டு. கைப்பேசி ஒலித்த ஒரு தணிக்கையாளரிடம் நூறு ரூபாயும், சட்டையில் சங்கச் சின்னம் குத்தாமல் வந்த ஒரு பல் மருத்துவரிடம் ஐம்பது ரூபாயும் வசூலித்தார். மகிழ்ச்சியான செய்தி உள்ளவர்கள் தாமாகவே எழுந்து செய்தியைச் சொல்லி உண்டியலில் பணம் போடுகிறார்கள். அந்தத் தொகை அறப்பணிக்குப் போகிறது. நம் வகுப்பில் இந்த முறையைக் கொண்டுவந்தால் தண்டப் பணத்திலேயே நூலகத்துக்கு ஓர் அலமாரி வாங்கிவிடலாம்!

சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் நான்கு கேள்விகள். நாம் எண்ணுவதும் சொல்வதும் செய்வதும் உண்மையா? சம்பந்தப்பட்ட அனைவருக்கும் நியாயமானதா? நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா? அனைவருக்கும் பயன் தருமா? எல்லோரும் எழுந்து நின்று இவற்றைச் சொன்னார்கள். 1932இல் சிக்காகோவில் அலுமினியப் பாத்திரங்கள் விற்கும் ஒரு கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்தபோது, அதன் பொறுப்பை ஏற்ற ஹெர்பர்ட் டெய்லர் தம் ஊழியர்களுக்காக எழுதிய கேள்விகள் இவை. 1943இல் ரோட்டரி இவற்றை ஏற்றுக்கொண்டது. நெறிமுறை ஒன்று கடன்பட்ட கம்பெனியில் பிறந்தது என்பது எனக்குப் புதிய செய்தி.

அன்றைய சிறப்புப் பேச்சாளர் பம்பு உற்பத்தியாளர். சொந்தமாகப் பவுண்டரி வைத்திருப்பவர். பதினாறு வயதில் லேத் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். அவர் தாளைப் பார்த்துப் பேசவில்லை. மேசையின் முன்புறம் தொங்கிய சங்கச் சின்னத்தைக் காட்டி, “இந்தச் சக்கரத்துக்கு 24 பல், 6 ஆரக்கால். நடுவுல ஓட்டையில ஒரு சின்னப் பள்ளம் இருக்குது பாருங்க, அதுதான் கீவே. ஆரம்பத்துல அது கிடையாது. இன்ஜினியருங்க பாத்துட்டு, இது தண்டோடு சேராது, சும்மா சுத்தும்னு சொன்னாங்க. அப்புறம்தான் 1920களில் போட்டாங்க” என்றார். அவையினர் பலருக்கே அது தெரியாது போலும்; சட்டையில் இருந்த சின்னத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டார்கள்.

பம்புத் தொழில் ஏன் கோவையில் வேரூன்றியது என்பதை அவர் விளக்கிய விதம் என் மனத்தில் நின்றது. நம் பகுதிக் கிணறுகள் பாறையை வெட்டி ஆழமாகத் தோண்டப்பட்டவை. பம்பு தண்ணீரை ‘உறிஞ்சுகிறது’ என்கிறோம். உண்மையில் காற்றின் அழுத்தமே தண்ணீரை மேலே தள்ளுகிறது. கணக்குப்படி அதனால் சுமார் 10 மீட்டர் வரையில்தான் தள்ள முடியும். நடைமுறையில் 7 மீட்டரே பெரிது. ஆகவே ஆழக் கிணற்றின் கரைமேல் பம்பை வைத்தால் பயனில்லை. கிணற்றுக்குள்ளே மேடை கட்டி இறக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறு வந்தபின் மோட்டாரையே நீருக்குள் அனுப்ப வேண்டியதாயிற்று. தேவை இப்படி இருக்க, 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. பஞ்சாலைகளில் பழுது பார்த்துப் பழகிய கைகளும் இங்கே இருந்தன. ஜி.டி. நாயுடு போன்றவர்கள் 1930களிலேயே மோட்டார் செய்யத் துணிந்தார்கள். தேவை, மின்சாரம், கைத்திறன் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடின என்றார் அவர். எங்கள் பாடப்புத்தகத்தில் ‘தொழில் இட அமைவு’ என்று பன்னிரண்டு பக்கம் உள்ளது.

பிறகு வார்ப்பைப் பற்றிச் சொன்னார். இரும்புக் குழம்பு ஆறும்போது நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்குமாம். அதனால் மாதிரி செய்பவர் வைத்திருக்கும் அளவுகோலே தனி. அதில் ஒரு மீட்டர் என்று குறித்திருப்பது உண்மையில் ஒரு மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் கூடுதல். அச்சு மண்ணில் மணல், பெண்டோனைட் களிமண், நிலக்கரித் தூள், தண்ணீர் ஆகியவை கலந்திருக்கும். தண்ணீர் குறைந்தால் மண் உதிரும். கூடினால், 1,300 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இரும்பு பட்டவுடன் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் வார்ப்புக்குள் குமிழியாக நின்றுவிடும். அதற்குப் பெயர் ‘ப்ளோ ஹோல்’. சில வேளை மேலே தெரியாது; லேத்தில் கடையும்போது பல்லிளிக்கும்.

அந்தச் சொல்லை நான் ஐந்து வயது முதல் கேட்டு வந்திருக்கிறேன். என் தந்தையார் கணபதிப் பகுதியில் ஒரு பவுண்டரியில் மோல்டர். அவருக்குக் கூலி உருப்படிக் கணக்கு. கழிவான உருப்படிக்குக் கூலி இல்லை. நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு மழைக்காலத்தில், ஒரே வாரத்தில் நாற்பது உருப்படி கழிந்தது. என் தேர்வுக் கட்டணத்தைப் பக்கத்து வீட்டு அத்தைதான் கொடுத்தார்கள்.

கேள்விகள் கேட்கலாம் என்றார் தலைவர். ஏற்றுமதி பற்றி ஒருவர், சரக்கு வரி பற்றி ஒருவர் கேட்டார்கள். நான் எழுந்தேன். கால் நடுங்கியது.

“ஐயா, ப்ளோ ஹோல் விழுந்தால் அந்த நட்டம் யாருடையது?”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தார். பிறகு, “பத்து வருஷத்துக்கு முன்னால வரைக்கும் மோல்டர் கூலியிலதான் கழிச்சேன். அப்ப எல்லாரும் அப்படித்தான். மண்ணு ஈரம் பாக்கற மிஷின் வாங்கி, தினமும் நோட்டுல எழுதச் சொன்னேன். ரெண்டு மாசம் கழிச்சுப் பாத்தா, கழிவு ஜாஸ்தியான நாளெல்லாம் ஈரம் ஜாஸ்தியான நாள். மண்ணைக் கலக்கறது என் மிஷின். மோல்டர் குடுத்த மண்ணை வெச்சுத்தான் இடிக்கறான். அப்புறம் நான் பிடிக்கறதில்லைங்க” என்றார்.

இன்னொரு கேள்வி என் தொண்டையிலேயே நின்றது. நன்றியுரை, நாட்டுப்பண், தலைவர் மீண்டும் மணியைத் தட்டினார்.

உணவு வேளையில் அவரே என்னிடம் வந்தார். “பி.ஏ. படிக்கற பொண்ணுக்கு ப்ளோ ஹோல் எப்படிம்மா தெரியும்?” என்று கேட்டார். சொன்னேன். எந்தப் பவுண்டரி என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. துணிந்து அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்டேன். “முன்னால பிடிச்சதைத் திருப்பிக் குடுத்தீங்களா ஐயா?”

“இல்லைம்மா” என்றார். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். வேறு யாரோ வந்து அவரை அழைத்துப் போனார்கள்.

வீடு திரும்பும்போது மணி பத்தாகிவிட்டது. தந்தையார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கீவே கதையை ரசித்தார். கூலி பிடித்த கதையைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஈரம் பார்க்கும் மிஷின் என்றதும் சிரித்துவிட்டார்.

“அதுக்கெதுக்கு அம்மிணி மிஷினு? மண்ணை ஒரு பிடி பிடிச்சு ரெண்டா ஒடைச்சுப் பாத்தாத் தெரியாதா? தண்ணி ஜாஸ்தின்னு நான் எத்தனை நாள் சொல்லியிருக்கேன்” என்றார்.

“யாருகிட்டப்பா சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“மேஸ்திரிகிட்டத்தான்” என்று சொல்லிவிட்டு, விளக்கை அணைக்கச் சொன்னார். காலை ஆறு மணிக்கு அவருக்கு ஷிப்டு.