பழைய கம்ப்யூட்டரை எடைக்குப் போடாதீர்கள்!

வாங்கிப் பத்து வருஷம் ஆன கம்ப்யூட்டர். பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் பாலை வைத்தால் பால் பொங்கிவிடும். கம்ப்யூட்டர் கண் விழிக்காது!

"இனி இது உதவாது. எடைக்குப் போட்டுவிடலாம்" என்கிறார் அப்பா. அதில் பாடம் படிக்கும் பிள்ளையின் முகம் வாடுகிறது. புதிது வாங்கப் பணத்துக்கு எங்கே போவது?

சற்றுப் பொறுங்கள்! பல சமயம் இயந்திரத்தில் பழுதே இருக்காது. சுமைதான் அதிகம்!

எலிச் சின்னம்

அந்தக் கம்ப்யூட்டரை இயக்குவது லினக்ஸ். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ம் ஆண்டில் வெளியிட்டது. இதை இலவசமாகவே பெறலாம்.

திரையில் தெரியும் படங்கள், பட்டியல்கள், ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்தது 'முகப்பு'. லினக்ஸுக்கு முகப்புகள் பல உண்டு. பழைய இயந்திரத்துக்கு ஏற்ற ஒன்று, 'எக்ஸ்.எப்.சி.இ.' 1996-ல் ஒலிவியே பூர்தான் என்பவர் தொடங்கினார். அதன் சின்னம் எலி! உருவம் சிறிது, ஓட்டம் வேகம்.

அந்த எலியின் முதுகிலும் மூட்டை ஏற்றினால்?

மேஜையும் பரணும்

கம்ப்யூட்டரின் நினைவகம் ஒரு மேஜை. டிஸ்க் என்பது பரண். மேஜை நிறைந்துவிட்டால் சாமான்களைப் பரணில் ஏற்றி, வேண்டும்போது இறக்க வேண்டும். அப்போதுதான் திரை அசையாமல் நின்றுவிடுகிறது.

மேஜையை அடைப்பது யார்? 'டாஸ்க் மானேஜர்' என்ற பகுதியைத் திறந்தால், எந்த வேலை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் முதல் குற்றவாளி, இணையம் பார்க்கும் பிரவுசர்தான்! பார்த்து முடித்த பக்கங்களை மூடிவிடுங்கள்.

இரண்டு மாற்றங்கள்

ஒன்று: அமைப்புகளில் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்டப்' என்ற பகுதி உண்டு. அதில் 'ஆட்டோஸ்டார்ட்' பட்டியலைப் பாருங்கள். கூப்பிடாமலே வந்து உட்காரும் விருந்தாளிகள் அவர்கள்! வீட்டில் அச்சு யந்திரமே இல்லை. அதற்கு ஓர் ஆள் எதற்கு? அந்தக் குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை நுழையும்போது அது வராது.

இரண்டு: 'விண்டோ மானேஜர் ட்வீக்ஸ்' பகுதியில் 'கம்பாசிட்டர்' இருக்கிறது. ஜன்னல்களுக்கு நிழலும் கண்ணாடி போன்ற தோற்றமும் தருவது இதுவே. அலங்காரத்தை நிறுத்தினால் பழைய இயந்திரத்துக்குப் பாரம் குறையும். சினிமா பார்க்கும்போது படம் கிழிந்ததுபோல் தெரிந்தால், மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

எச்சரிக்கை!

பெயர் புரியாததைத் தொடாதீர்கள். பாதுகாப்புக்கான புதுப்பிப்புகளை நிறுத்தவே கூடாது. ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அதை நோட்டில் குறித்து வையுங்கள். தவறு நேர்ந்தால் திரும்பி வர வழி தெரியும்.

இத்தனைக்கும் பிறகு வேகம் போதவில்லையா? கூடுதல் நினைவகமோ, 'எஸ்.எஸ்.டி.' என்னும் வேகமான டிஸ்க்கோ பொருத்த முடியுமா என்று கடையில் கேளுங்கள். புதுக் கம்ப்யூட்டர் விலையில் அது ஒரு பங்குதான்.

முதலில் சுமையை இறக்குங்கள். எடைக்குப் போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்!