நாக்குப் பிணைப்பு

நாக்குப் பிணைப்பு என்பது நாக்கின் அடிப்பகுதியை வாயின் தளத்துடன் இணைக்கும் சவ்வு மடிப்பு குறுகியோ, தடித்தோ, இறுகியோ இருப்பதனால் நாக்கின் அசைவு தடைப்படும் பிறவி நிலையாகும். மருத்துவமனைகளில் "டங் டை" என்ற பெயரே பெரிதும் புழங்குகிறது. பேச்சு வழக்கில் "நாக்கு ஒட்டியிருக்கிறது" என்பர். பிறக்கும் குழந்தைகளில் 4 முதல் 11 விழுக்காட்டினரிடம் இது காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடம் இது மிகுதி. இந்நிலையுடைய குழந்தைகளுள் பலர் எவ்வித இடருமின்றித் தாய்ப்பால் அருந்தி வளர்கின்றனர். ஆகவே, இச்சவ்வு கண்ணுக்குத் தெரிவது மட்டுமே அதனை வெட்டுவதற்குக் காரணமாகாது.

உடற்கூறு

நாக்கின் அடியில் நடுக்கோட்டில் அமைந்த இம்மடிப்பு எல்லா மனிதரிடமும் உண்டு. முன்னர் இது தனியானதொரு நாண் என்று கருதப்பட்டது. 2019ஆம் ஆண்டில் வெளியான உடற்கூற்று ஆய்வுகள், இது வாய்த்தளத்தில் பரவியுள்ள இணைப்பிழைய உறையின் மடிப்பே என்றும், நாக்கு உயரும்போது மட்டும் நாண்போல் எழுந்து தோன்றுகிறது என்றும் காட்டின. சிலருக்கு இம்மடிப்பு நாக்கின் நுனி வரை நீண்டிருக்கும். அத்தகைய குழந்தை அழும்போது நாக்கின் நுனி உள்ளிழுக்கப்பட்டு இதய வடிவில் தோன்றும்.

பெரும்பாலும் இதற்கெனத் தனிக்காரணம் அறியப்படுவதில்லை. சில குடும்பங்களில் தலைமுறைதோறும் காணப்படுகிறது. எக்ஸ் நிறப்புரியிலுள்ள டிபிஎக்ஸ்22 என்னும் மரபணுவில் நேரும் மாற்றம், அண்ணப்பிளவுடன் கூடிய நாக்குப் பிணைப்பை உண்டாக்கும் என்பது 2001ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது.

தாய்ப்பாலூட்டலில் ஏற்படும் இடர்

குழந்தை பால் அருந்தும்போது நாக்கு கீழ் ஈற்றின்மேல் நீண்டு மார்பைப் பற்றுகிறது. பின்னர் நாக்கு கீழிறங்கும்போது வாயினுள் வெற்றிடம் உண்டாகிப் பால் சுரந்து வருகிறது. நாக்கு நீளவோ உயரவோ இயலாதபோது குழந்தை மார்பை ஆழமாகப் பற்றாமல் காம்பை மட்டும் பற்றும். இதனால் தாய்க்குக் காம்பில் வலி, வெடிப்பு, புண் ஆகியன தோன்றலாம். மார்பிலிருந்து பால் முழுமையாக வெளியேறாவிடில் பால் கட்டுதலும், நாளடைவில் சுரப்புக் குறைவும் நேரலாம். குழந்தைக்கு எடை கூடாமை, நெடுநேரம் குடித்தும் பசியாறாமை, குடிக்கும்போது "டக் டக்" என ஒலி எழுதல் ஆகியன காணப்படலாம்.

எனினும், இவ்வறிகுறிகள் நாக்குப் பிணைப்புக்கு மட்டும் உரியன அல்ல. தவறான பாலூட்டும் நிலை, குறைமாதப் பிறப்பு, அண்ணப்பிளவு, வாய் வெண்படலம், தாயின் பால் சுரப்புக் குறைவு ஆகியவற்றாலும் இவை தோன்றும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, நாக்குப் பிணைப்பின் தோற்றமுடைய குழந்தைகளில் பாதிக்கும் குறைவானோரே பாலருந்த இடர்ப்படுகின்றனர் எனக் குறிப்பிடுகிறது.

மதிப்பீடு

நாக்கின் தோற்றத்தையும் இயக்கத்தையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும். 2015ஆம் ஆண்டில் வெளியான பிரிசுட்டல் அளவுகோலில் நான்கு கூறுகள் உள்ளன.

* நாக்கு நுனியின் வடிவம்
* மடிப்பு கீழ் ஈற்றில் இணையும் இடம்
* அழும்போது நாக்கு உயரும் அளவு
* நாக்கு வெளியே நீளும் அளவு

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் வழங்கப்படும், மொத்தம் 8. மூன்றும் அதற்குக் கீழும் பெற்றால் நாக்கின் இயக்கம் பெரிதும் குறைந்துள்ளது எனக் கொள்வர். இவ்வெண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்வதில்லை. பாலூட்டும் வேளையில் தாயையும் சேயையும் பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் கவனித்தல் இன்றியமையாதது.

முடிவெடுத்தல்

முடிவு மூன்று செய்திகளைச் சார்ந்தது. முதலாவது குழந்தையின் எடை. பிறந்த சில நாட்களில் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரங்களுக்குள் பிறந்த எடை மீள வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்தல் போதிய பால் கிடைப்பதற்கான அடையாளம். இரண்டாவது தாயின் வலி. பாலூட்டும் நிலையைத் திருத்திய பின்னரும் வலி நீங்காமையும் புண் ஆறாமையும் கருத்திற் கொள்ளத்தக்கன. மூன்றாவது, பாலூட்டல் உதவியால் ஏற்படும் மாற்றம்.

குழந்தை நன்கு வளர்ந்து, தாய்க்கும் வலியில்லையெனில் சிகிச்சை தேவையில்லை. இடர் இருப்பின் முதலில் பாலூட்டும் நிலை திருத்தப்படும்; தேவையெனில் பாலைப் பீய்ச்சிப் பாலாடையால் புகட்டலாம். இவற்றால் பயன் இல்லாமல், நாக்கின் இயக்கத் தடையும் தெளிவாக இருந்தால், அறுவையைக் கருதலாம். 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்கென அனுப்பப்பட்ட 115 குழந்தைகளைப் பல்துறையினர் கூடி ஆராய்ந்தனர். அவர்களுள் 72 குழந்தைகளுக்கு அறுவை செய்யப்படவில்லை.

மறுபுறம், தேவையான போதும் நெடுங்காலம் தள்ளிப்போடுதல் தீங்காகலாம். வலி தாங்காத தாய் பாலூட்டலைக் கைவிட்டுப் புட்டிப்பாலுக்கு மாறிவிட்டால், பின்னர் சவ்வை வெட்டினாலும் சுரப்பை மீட்பது கடினம்.

அறுவை முறை

குழந்தையைத் துணியால் சுற்றி, நாக்கை உயர்த்திப் பிடித்து, மழுங்கிய முனையுடைய கத்தரிக்கோலால் மடிப்பைச் சில மில்லிமீட்டர் அளவு வெட்டுவர். பச்சிளங்குழந்தைக்குப் பொது மயக்கம் தேவைப்படுவதில்லை. சில துளி குருதியே வெளிப்படும். உடனே பாலூட்டலாம். வெட்டிய இடம் சில நாட்கள் வெண்மஞ்சள் நிறமாகத் தோன்றும்; இது சீழ் அன்று, ஆறும் புண்ணின் இயல்பாகும். லேசர் முறை கத்தரிக்கோலைவிட மேலானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

குருதிப்போக்கு, நோய்த்தொற்று, உமிழ்நீர் நாளத்தில் காயம், மடிப்பு மீண்டும் ஒட்டுதல் ஆகியன அரிதாக நேரும் சிக்கல்களாம். பிறந்தவுடன் உயிர்ச்சத்து கே ஊசி போடப்பட்டதா, குடும்பத்தில் குருதி உறையாக் கோளாறு உண்டா என்பதை முன்னரே அறிதல் வேண்டும். கீழ்த்தாடை மிகச் சிறுத்த குழந்தைகளில் நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சடைக்கும் இடர் இருப்பதால் தனிக் கவனம் தேவை.

ஆய்வுச் சான்றுகள்

2017ஆம் ஆண்டின் காக்ரேன் மீளாய்வு, 302 குழந்தைகள் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளைத் தொகுத்தது. அறுவைக்குப் பின் தாயின் காம்பு வலி குறுகிய காலத்தில் குறைந்தது. ஆனால் பாலூட்டலில் சீரான முன்னேற்றம் காணப்படவில்லை. ஐக்கிய இராச்சியத்தில் 169 குழந்தைகளைக் கொண்டு நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில் தாய்ப்பால் அருந்தியோர் விகிதம் இரு பிரிவுகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. போதிய பங்கேற்பாளரின்றி இவ்வாய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டமையால் இதனை இறுதி முடிவாகக் கொள்ள இயலாது. இதற்கிடையே அறுவைகள் பெருகியுள்ளன. ஆஸ்திரேலியாவில் 2006க்கும் 2016க்கும் இடையில் இவ்வறுவை ஐந்து மடங்குக்கு மேல் உயர்ந்தது.

பேச்சு

பெற்றோர் பலர் பேச்சை எண்ணியே கவலையுறுகின்றனர். நாக்குப் பிணைப்பு குழந்தை பேசத் தொடங்குவதைத் தாமதப்படுத்துவதில்லை. ல, ன, ற, ழ போன்ற, நாக்கு நுனி உயர வேண்டிய ஒலிகளில் சிலருக்குத் திருத்தமின்மை இருக்கலாம். பேச்சுக் குறையைத் தடுப்பதற்கெனப் பச்சிளம் பருவத்திலேயே வெட்டுவதற்குப் போதிய சான்று இல்லை. ஒலிப்பில் இடர் தோன்றிய பின், பேச்சுப் பயிற்சியாளரின் மதிப்பீட்டைப் பெறலாம்.

திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதியில்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைத் தாயுமானசுவாமி கோயிலின் தல வரலாறு மகப்பேற்றோடு தொடர்புடையது. காவிரி வெள்ளத்தால் தாய் வந்து சேர இயலாதபோது, சிவபெருமானே தாயுருவில் வந்து பேறு பார்த்தார் என்பது அக்கதை. இன்றும் இப்பகுதியில் முதற்பேற்றுக்குத் தாய்வீடு செல்லும் வழக்கம் உள்ளது. எனவே பாலூட்டல் குறித்த முடிவுகளில் பாட்டிமாரின் சொல்லுக்கு மதிப்பு மிகுதி. தாயை அமர்த்திப் பாலூட்டப் பழக்குதல் போன்ற அவர்களது உதவி பயன் மிக்கது. ஆனால் நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுதல், தேன் தொட்டு வைத்தல் ஆகியன இறுகிய சவ்வைத் தளர்த்தா. ஓராண்டுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் தருதல் பொட்டுலிச நஞ்சேற்றத்துக்கு வழிவகுக்கலாம். முதல் ஆறு மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே போதும் என உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கிறது.

திருச்சிராப்பள்ளியிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி. ஆ. பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. 2015ஆம் ஆண்டில் தமிழக அரசு தாய்ப்பால் வங்கிகளைத் தொடங்கிய மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. இப்பகுதிக் குழந்தைகளின் எடையைத் தடுப்பூசி நாட்களில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் பார்த்துக்கொள்ளலாம். இவ்வாறு தொடர்ந்து குறிக்கப்படும் எடை, சவ்வை வெட்டுவதா, காத்திருப்பதா என்பதைத் தீர்மானிக்க மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.