செங்குத்தாக வாழும் ஊராட்சி

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில் இருக்கும் லவுட்டர்புருனன் ஊராட்சியைச் சாதாரண வரைபடத்தில் பார்ப்பவர் ஏமாந்துபோவார். பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு ஊர்களுக்கு நடுவே எண்ணூறு மீட்டர் உயர வித்தியாசம் இருக்கும். பள்ளத்தாக்கின் அடியில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டரில் லவுட்டர்புருனன். கிழக்குச் சுவருக்கு மேலே 1,274 மீட்டரில் வெங்கன். மேற்குச் சுவரின் தலையில் 1,638 மீட்டரில் மூரன். மேலே உள்ள இரண்டு ஊருக்கும் இன்றைக்கும் காரில் போக முடியாது. ரயில், ரோப் கார், இல்லையென்றால் நடை. எல்லாக் குக்கிராமங்களையும் சேர்த்தால்கூட ஊராட்சியின் மக்கள்தொகை இரண்டாயிரத்துச் சொச்சம்தான்.

இந்தச் சுவர்களைச் செதுக்கியது பனி. ஆறு மட்டும் மலையை அறுத்திருந்தால் அடி குறுகி, இரு பக்கமும் சரிவாக விரிந்த பள்ளத்தாக்குதான் கிடைத்திருக்கும். ஆறு தன் படுகையை மட்டுமே அரிக்கும். பனியாறு அப்படியல்ல. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமனில் பள்ளத்தாக்கையே அடைத்துக்கொண்டு, அடியிலும் பக்கவாட்டிலும் உறைந்து ஒட்டிய கற்களால் பாறையைத் தேய்த்தபடி மெல்ல இறங்கும். அடியையும் பக்கங்களையும் ஒருசேரத் தேய்ப்பதால் மிஞ்சுவது ‘ப’ வடிவம். கடைசிப் பனியுகம் முடிந்து பனி பின்வாங்கியபோது, லவுட்டர்புருனனில் நின்ற சுவர்கள் சுண்ணாம்புப் பாறை என்பதால் சரிந்து கொட்டிவிடாமல் நிமிர்ந்தே நின்றன. அடியை ஆறு சரளையும் வண்டலும் போட்டு மட்டமாக்கியது. அந்த மட்டத்தில்தான் இன்று புல் வளர்கிறது.

பக்கத்திலிருந்து வந்து சேர்ந்த சிறிய பனியாறுகளுக்கு இவ்வளவு ஆழம் தோண்டும் கனம் இல்லை. பெரிய பனி போனதும் அவற்றின் பள்ளத்தாக்குகள் அந்தரத்தில் திறந்து நின்றன. மேலிருந்து ஓடிவரும் ஓடைக்குத் திடீரென்று கால் வைக்கத் தரையில்லை. எழுபத்திரண்டு அருவிகள் என்பது ஊர்க்கணக்கு. அந்த எண்ணை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எழுதுகிறேன். பனி உருகும் ஜூன் மாதத்தில் எண்ணினால் ஒரு கணக்கு, வறண்ட இலையுதிர்காலத்தில் எண்ணினால் வேறு கணக்கு வரத்தான் செய்யும்.

அவற்றில் பேர்போனது ஸ்டவுப்பாக் அருவி. உயரம் 297 மீட்டர். காற்றே இல்லாத உலகமாக இருந்தால் இந்த நீர் எட்டு வினாடிக்குள் தரையைத் தொடும், அதுவும் மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில். கீழே நிற்க ஆள் துணியமாட்டான். உண்மையில் வந்து விழுவதோ தூறல். விளிம்பைத் தாண்டும்போது முழு ஓடையாக இருக்கும் நீர், வேகம் கூடக்கூட நீண்டு, மெலிந்து, துளிகளாகக் கிழிகிறது. துளியைக் காற்று தடுக்கிறது. பெரிய துளி அந்தத் தடையிலேயே உடைந்து சிறிதாகிறது. எத்தனை உயரத்திலிருந்து விழுந்தாலும் பெரிய மழைத்துளி வினாடிக்கு 9 மீட்டர் வாக்கில்தான் இறங்கும். அதைவிடச் சிறியவை இன்னும் மெதுவாக இறங்கும், மிக நுண்ணியவை காற்று போகும் திசைக்குப் போய்விடும். நீர் பெருக்கெடுக்கும் பேரருவி தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு விழும். இந்த மெல்லிய ஓடைக்கு அந்த வலு கிடையாது. 1779-இல் இங்கே வந்த ஜெர்மன் கவிஞர் கோத்தே, மனித ஆன்மாவை நீரோடு சேர்த்துப் பாடும் கவிதையை எழுதக் காரணமானது இந்த அருவிதான்.

எனக்கென்னவோ இதைவிட ட்ரூமெல்பாக்தான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் என்ற மூன்று சிகரங்களின் பனியாறுகள் உருகும் நீர் மலைக்குள்ளேயே பத்து அருவிகளாக இறங்குகிறது. உச்ச காலத்தில் வினாடிக்கு 20,000 லிட்டர் வரை. அரைத்த பாறைத்தூளும் கல்லுமாக ஆண்டுக்குச் சுமார் 20,000 டன் கூடவே போகிறது. சுழலும் நீர் பாறையைத் திருகித் திருகிக் குடைந்த குழிகள் விளக்கொளியில் வழுவழுவென்று மின்னுகின்றன. மலையைக் குடைந்து வைத்த லிஃப்டில் ஏறி உள்ளே போனால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. பனி விட்டுப்போன வேலையைத் தண்ணீர் இன்னும் முடிக்கவில்லை.

இப்படிப்பட்ட இடத்தில் யார் வந்து குடியேறுவார்கள்? பள்ளத்தாக்கின் வாய் வழியாக வந்தவர்களோடு, பின்பக்கமிருந்து, பனி மூடிய முகட்டைத் தாண்டி லோட்ஷன்தால் பள்ளத்தாக்கிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். வால்சர் எனப்படும் அந்த மலைக்குடிகளை 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவர்களுடைய பிரபு இன்டர்லாக்கன் மடத்துக்கு விற்றுவிட்டார், நிலத்தை விற்பதுபோல். 1528-இல் மதச்சீர்திருத்தம் வந்து மடத்தை மூடியதும் எல்லாம் பெர்ன் அரசின் கைக்குப் போனது. அந்த வால்சர்கள் வருகிறபோது ஒரு மணியையும் மலைக்கு மேலே தூக்கிவந்தார்கள் என்று தேவாலய மணி ஒன்றைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு.

பிழைப்பு மாடும் பாலாடைக்கட்டியும். கீழே வைக்கோல் அறுத்துச் சேர்ப்பது, இளவேனிலில் நடுச்சரிவு மேய்ச்சல், கோடையில் உச்சிப் புல்வெளி என்று குடும்பமே மாட்டோடு மாடி ஏறி இறங்கியது. அது போதவில்லை. பெண்கள் திண்டில் ஊசி குத்தி, நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னினார்கள். ட்ராக்செல்லவேனனில் ஈயம் தோண்டினார்கள். அங்கே உருக்காலையின் இடிபாடுகள் இன்னும் நிற்கின்றன.

1890-இல் இன்டர்லாக்கனிலிருந்து ரயில் வந்தது. மறுவருடம் மூரனுக்கு, 1893-இல் வெங்கன் வழியாக அதற்கு மேலே உள்ள கணவாய்க்கு. அதுவரை சோற்றுக்கு எதிரியாக இருந்த சுவரைப் பார்க்க இப்போது வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து வந்தார்கள். சூரிச் தொழிலதிபர் அடால்ஃப் குயர்-செல்லர் அதோடு நிற்கவில்லை. ஐகர், மோங்க் சிகரங்களுக்குள் சுரங்கம் குடைந்து யுங்ஃப்ராவ்யோக் என்ற பனிக்கணவாய்க்கு ரயில் விடத் திட்டம் போட்டார். வேலை 1896-இல் தொடங்கியது. அவர் 1899-இல் இறந்தார், வேலை 1912-இல் முடிந்தது. நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில். மின்சாரத்துக்காக லவுட்டர்புருனன் ஆற்றிலேயே நீர்மின் நிலையம் கட்டினார்கள். ஆக, மலையிலிருந்து இறங்கிய தண்ணீரே பயணிகளை மலைக்கு ஏற்றியது.

பனிக்காலத்துக்கும் வேலை கிடைத்தது. ஆங்கிலேயர் ஆர்னால்ட் லன் 1922-இல் மூரனில் முதல் நவீன ஸ்லாலம் பனிச்சறுக்குப் போட்டியை நடத்தினார். ஆல்பைன் பனிச்சறுக்கின் முதல் உலகப் போட்டி 1931-இல் இதே மூரனில். 1969-இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காக ஷில்ட்ஹார்ன் உச்சியின் சுழலும் உணவகத்தைப் படக்குழு தன் செலவில் அலங்கரித்துக் கொடுத்தது. படத்தில் வந்த பெயரை உணவகம் இன்னும் விடவில்லை. அடிவாரத்திலிருந்து மூரனுக்கு 2024-இல் திறந்த ரோப் காரை உலகிலேயே மிகச் செங்குத்தானது என்று விளம்பரம் செய்கிறார்கள்.

வருமானம் முக்கியமாக இப்போது சுற்றுலாவிலிருந்துதான். அதற்கு ஊர் கொடுக்கும் விலையும் உண்டு. கோடையில் ஒற்றைச் சாலை கார்களால் அடைபட, காரில் வந்து அன்றே திரும்புகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கலாமா என்று ஊராட்சி யோசித்தது. சுவரின் விளிம்பிலிருந்து பாராசூட்டோடு குதிக்கும் பேஸ் ஜம்பர்களும் உலகெங்குமிருந்து வருகிறார்கள், உயிரிழப்பும் நேர்கிறது. தப்பியவர்கள் வந்து இறங்குவது விவசாயியின் வைக்கோல் வயலில். மிதிபட்ட புல்லை அரிவாள் சரியாக அறுக்காது, மாடும் விரும்பித் தின்னாது. அதனால் குதிப்பவர்கள் ஒரு அட்டை வாங்க வேண்டும். அதில் சேரும் பணம் புல்லுக்குச் சொந்தக்காரருக்கு நஷ்டஈடாகப் போகிறது.