கூரைக்கு மேல் கிடந்த உடைசல்

இத்தாலியின் அசிசி நகரில் உள்ள புனித பிரான்சிஸ் பேராலயம் 1228இல் கட்டத் தொடங்கப்பட்டது. 1997 செப்டம்பர் 26 பின்னிரவில் அங்கே நிலம் நடுங்கியது. காலையில் சேதத்தைப் பார்க்க ஆட்கள் உள்ளே போயிருந்த நேரத்தில் மீண்டும் நடுங்க, மேல்கோயிலின் வளைகூரை இரண்டு இடங்களில் இடிந்தது. நான்கு பேர் இறந்தனர். ஓவியர் சிமாபுவே தீட்டிய புனித மத்தேயு ஓவியம் தூள்தூளானது. பழைய செங்கல் கட்டடம், விழாமல் என்ன செய்யும் என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த வட்டாரத்துக்கு நிலநடுக்கம் புதிதல்ல; பல அதிர்வுகளைக் கண்டுதான் இந்தக் கூரை இருபதாம் நூற்றாண்டுவரை வந்தது. கோளாறு அதற்கு மேலே இருந்தது. வளைவுகள் சுவரில் வந்து இறங்கும் இடங்களில் மேற்புறம் குழிகள் உண்டு. கூரை வேலை நடந்தபோதெல்லாம் உடைந்த ஓடும் கல்லும் அவற்றில் சேர்ந்துகொண்டே போயின. (சுமந்து கீழே இறக்குவதைவிட அது சுலபம், எந்த ஊர்க் கொத்தனாருக்கும் புரியும்.) பழுதுபார்ப்பில் முன்னின்ற பொறியாளர் ஜியார்ஜியோ குரோச்சியின் விளக்கப்படி, அதிர்வில் கூரை அசைந்ததும் இந்த உதிரி உடைசல் கூடவே சரிந்து, படியைத் தட்டத் தட்ட அரிசி இறங்குவதுபோல அங்கேயே அமர்ந்துவிட்டது. கூரையால் பழைய நிலைக்குத் திரும்ப முடியவில்லை. வளைவு கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாகி, கடைசியில் விட்டது.

ஆகவே பழுதுபார்ப்பு பாரத்தை இறக்குவதில் தொடங்கியது. தொங்கிக்கொண்டிருந்த மிச்சக் கூரைமேல் கால் வைக்க முடியாது. மேலிருந்து தொங்கவிட்ட மேடைகளில் நின்று உடைசலை அகற்றினார்கள். பிறகு விரிசல்களில், ஓவியத்தைக் கெடுக்கும் உப்பு இல்லாத சாந்தைச் செலுத்தினார்கள். கான்கிரீட் ஊற்றி ஒரேயடியாக இறுக்கியிருக்கலாமே? அப்படிச் செய்தால் இறக்கிய பாரம் மறுபடி ஏறும். சிமென்ட்டின் உப்பு ஈரத்தோடு கீழிறங்கி வண்ணத்தை உரிக்கும். அதற்குப் பதிலாக, நடுவில் மரமும் சுற்றிலும் அராமிட் இழையும் கொண்ட மெல்லிய விலா வளைவுகளைக் கூரையின் மேற்புறத்தில், அது கோணிப்போயிருந்த வடிவத்துக்கே இசைய ஒட்டினார்கள். குண்டு துளைக்காத உடைகளில் வரும் இழைதான் அது. சுருள்வில் பொருத்திய கம்பிகள் அவற்றை வளைகூரைக்கு மேலே உள்ள வெளிக்கூரையோடு பிணைக்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கட்டடத்தில் ஆலை இழையா என்ற ஆட்சேபத்தில் பாதி நியாயம் உண்டு: செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் எழுநூறு ஆண்டுச் சாட்சி இருக்கிறது, பசைக்கு இல்லை. ஆனாலும் செங்கல் வளைவு இன்றும் தன் எடையைத் தானே தாங்குகிறது. அது அளவுமீறி நெளியும்போதுதான் இழைக்கு வேலை. உள்ளே நிற்பவர் கண்ணில் அது படுவதுமில்லை.

மேல்கோயில் 1999 நவம்பரில் திறக்கப்பட்டது. துண்டுகளைச் சேர்த்து மீட்ட மத்தேயு 2006இல்தான் கூரைக்குத் திரும்பினார், துண்டு கிடைக்காத இடங்கள் வெறுமையாகவே இருக்க. 2016 அக்டோபரில் நோர்சியாவின் புனித பெனடிக்ட் ஆலயத்தை வீழ்த்திய நிலநடுக்கத்தின்போது அசிசியின் கூரை நின்றது. அதை வைத்து வெற்றி கொண்டாடுவது சரியல்ல. நோர்சியா அங்கிருந்து சற்றுத் தொலைவு.