கண்காணிப்புக் கிணறு: துளை எந்த ஆழத்தில்?

சென்னை தண்டையார்பேட்டையில் 2013இல் மண்ணுக்கடியில் போன எண்ணெய்க் குழாய் கசிந்து, வீட்டுக் கிணறுகளில் எரிபொருள் கலந்தது. சத்தியமங்கலத்தில் நாம ரசாயனம் தொடாம வெள்ளாமை செஞ்சாலும், பக்கத்து ஆலையின் டீசல் தொட்டி கசிஞ்சா நம்ம கிணறும் கெடும்.

இதை முன்கூட்டியே காட்டுவது கண்காணிப்புக் கிணறு. ஒன்று போதாது, குறைந்தது மூன்று, முக்கோணமாக வேணும். மூன்றின் நீர்மட்டத்தையும் ஒப்பிட்டால்தான் தண்ணீர் ஓடும் திசை தெரியும். நம்ம பாறை நிலத்தில் தண்ணீர் வெடிப்பு வழியே ஓடுவதால் கூடுதலாகவும் வேண்டியிருக்கும்.

டீசல் தண்ணீரில் மிதக்கும். ஆகவே குழாயின் துளைப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் இருக்கணும். ஆழத்தில் மட்டும் துளை போட்டா, மிதக்கும் எண்ணெய் சிக்காது. துளைப்பகுதியைச் சுற்றி மணல், அதன்மேல் மழைத்தண்ணி இறங்காதபடி பென்டோனைட் களிமண் அடைப்பு.

"கிணறு போட்டாச்சு" என்று ஆலைக்காரர் சொன்னால், நான் கேட்பது ரெண்டுதானுங்க: துளை எந்த ஆழத்தில்? கோடையிலும் மழைக்காலத்திலும் அளந்தீங்களா?