மழை வருது, அடினியத்தை ஓரம் கட்டுங்க!

ஐப்பசி பிறந்தால் போதும், எங்கள் தெருவில் யாராவது ஒருத்தர் தொட்டியும் கையுமாக வந்து விடுவார்கள். "அக்கா, இலையெல்லாம் மஞ்சளா கொட்டுது. தினமும் தண்ணி ஊத்திட்டுத்தானே இருக்கேன்?" என்பார்கள். அந்தத் தண்ணீர்தானம்மா வில்லன்!

அடினியம் என்கிற பாலைவன ரோஜா அரேபியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் பாறை இடுக்குகளில் வளர்வது. ஏமன் நாட்டு சோகோட்ரா தீவில் இதன் ஒரு வகை மரம் போலவே பருத்து நிற்கிறது. அடியில் யானைக்கால் மாதிரி தடித்திருக்கிறதே, அது அழகுக்கு மட்டும் இல்லை. மழையில்லாத மாதங்களுக்காகச் செடி தண்ணீர் சேமிக்கும் குடம் அது. நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் என்ன ஆகும்?

அடிப்பாகத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் தண்ணீர் வேண்டாம். மண்ணும் காய்ந்து, அடியும் லேசாக அமுங்கினால் தாகம். மண் ஈரமாக இருக்கும்போதே கொழகொழவென்று அமுங்கினால் அழுகல், உடனே கவனியுங்கள்.

எதிர்வீட்டு மாமிக்கு அறுபதாம் கல்யாணத்தின்போது மகள் வாங்கித் தந்த செடி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தபோது மொட்டைமாடியில் நனைந்தே கிடந்தது. ஒரு பக்கம் முழுக்க அழுகல். "தூக்கிப் போட்டுடும்மா" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. செடியைப் பிடுங்கி வேரைக் கழுவி, அழுகினதை எல்லாம் வெள்ளைச் சதை தெரியும்வரை கத்தியால் செதுக்கி எடுத்தேன். பாதிக் கிழங்குதான் மிஞ்சியது! வெட்டின இடத்தில் மஞ்சள்தூள் அப்பி, பத்து நாள் நிழலில் கயிற்றில் தொங்கவிட்டேன். காயம் தோல் மாதிரி காய்ந்த பிறகு புது மண்ணில் நட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் தண்ணீர் காட்டினேன். சித்திரையில் பூத்தது. மாமி எனக்குப் பாயசம் கொடுத்தனுப்பினார்!

மண் கலவை முக்கியம். இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு செங்கல் ஜல்லி, ஒரு கை மக்கிய எரு. அகலமான தொட்டி, அடியில் பெரிய ஓட்டை, நல்ல வெயில். தொட்டி மாற்றும்போது செடியை ஒரு அங்குலம் தூக்கி வைத்தால் கிழங்கு வெளியே தெரியும். மழைக் காலத்தில் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தி விடுங்கள்.

வாங்கும்போது "விதைச் செடியா?" என்று கேளுங்கள். கிளையை ஒடித்து நட்டது பூக்கும், ஆனால் அடி அவ்வளவு சீக்கிரம் பருக்காது. அடுக்குப்பூ வகைகள் பெரும்பாலும் ஒட்டுச்செடிகள். ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் கிள்ளி விடுங்கள், இல்லாவிட்டால் அது மேலே இருப்பதை அமுக்கிவிடும்.

குழந்தைகள் இருக்கிற வீடா? அப்படியானால் இதை மறக்கவே வேண்டாம். இது அரளிக் குடும்பம். இதன் பால் விஷம். ஆப்பிரிக்காவில் அம்பு முனையில் தடவி வேட்டையாடி இருக்கிறார்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள். கண்ணில் படக் கூடாது. தொட்டியைக் குழந்தைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

ஆட்டுக் கொம்பு மாதிரி ஜோடியாகக் காய் வந்தால் அதிர்ஷ்டம்தான். முற்றுவதற்குள் நூலால் சுற்றிக் கட்டுங்கள். வெடித்துவிட்டால் விதையெல்லாம் பஞ்சோடு பறந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். ஈர மணலில் போட்டால் ஒரு வாரம், பத்து நாளில் முளைத்துவிடும்.

- ஒரு வாசகி, குரோம்பேட்டை.